மேப்பில் விழாத இளைஞர்கள்

மேப் என்றதும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வழி தேடுவதுதான் நினைவுக்கு வரும். அதே மேப்புடன் மக்கள்தொகைத் தகவலை இணைத்தால் ஆட்களையும் தேடலாம். அமெரிக்காவில் படிப்பும் இல்லாமல், வேலையும் இல்லாமல் இருக்கும் 16 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களை இப்படித் தேடுகிறார்கள்.

மெஷர் ஆஃப் அமெரிக்கா என்ற ஆய்வுக் குழு 2012ல் வெளியிட்ட அறிக்கை, இத்தகையோர் நாடு முழுவதும் 58 லட்சம் பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர் என்றது. சரி, இந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? நகரவாரியாகப் பிரித்தபோதுதான் பாஸ்டன் வட்டாரத்தில் 9 சதவீதம், பீனிக்ஸ் வட்டாரத்தில் 18.8 சதவீதம் என்று தெரிந்தது.

அந்நாட்டின் சென்சஸ் துறை ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குக் கேள்விப் படிவம் அனுப்புகிறது. கிடைக்கும் தகவல்களை, குறைந்தது ஒரு லட்சம் பேர் வசிக்கும் 'பியூமா' என்ற பகுதிகளாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோடு எண் உண்டு. மேப் பைலிலும் அதே எண் இருக்கும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச சாப்ட்வேர் இரண்டையும் இணைத்துக் கலர் கொடுத்துவிடும். எக்ஸெல் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல.

ஒரு லட்சம் பேர் என்பதை இன்னும் சிறிதாக்கினால் வீட்டையே கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது என்பேன். தனிமனித ரகசியத்தைக் காக்கத்தான் அந்த எல்லை. பள்ளிப் பதிவையும் போலீஸ் பதிவையும் சேர்த்துக் கதவு எண் வரை போனால், உதவி செய்ய வந்தவரைப் பார்த்தும் பையன் பின்வாசல் வழியாக ஓடிவிடுவான். எந்த ஏரியா என்று மேப் சொல்லட்டும். தெருவுக்குள் அந்த ஏரியா ஆளே நடக்கட்டும்.

என்னை உறுத்துவது வேறு. இந்த சர்வே முகவரியை நம்பியது. கல்லூரி விடுதி, சிறை எல்லாம் இதில் அடக்கம். தெருவில் படுப்பவர் இல்லை. நண்பர்கள் வீட்டில் மாறி மாறித் தங்குபவரின் பெயரை வீட்டுக்காரர் எழுதாமலே விடலாம். கைக்குழந்தையைக் கவனிக்கும் இளம் தாய் மட்டும் படிப்பும் வேலையும் இல்லாதவர் கணக்கில் சரியாக ஏறிவிடுவார்! யார் அதிகம் துண்டிக்கப்பட்டவரோ அவர்தான் மேப்பில் இல்லை. கலர் வெளுத்த பகுதிக்குப் பணம் தேவையில்லை என்று ஒதுக்கினால் அவர் இரண்டாம் முறையும் விடுபடுகிறார்.

வீடற்றோரை எண்ண அங்கே ஜனவரி இறுதியில் ஓர் இரவுக் கணக்கெடுப்பு நடக்கிறது. துணையின்றி இருக்கும் 25 வயதுக்குட்பட்டோருக்கு அதில் தனிக் கணக்கு உண்டு. பணம் ஒதுக்குபவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் எல்லைகள் பியூமா எல்லைகளுடன் பொருந்துவதில்லை; எனவே ஒரே கலரில் கலக்காமல் தனி லேயராகப் போடலாம். வேண்டும்போது காட்டவும் மறைக்கவும் ஒரு டிக் போதும்.