சுவருக்கு ஒரு ஸ்வெட்டர்

மாம்பலத்தில் வீடு பார்க்கப் போனால் நாம் என்ன கேட்போம்? தண்ணீர் வருமா, காற்று வருமா, பக்கத்தில் ஸ்கூல் இருக்கா? டொரன்டோவில் இரண்டாவது கேள்வியை அப்படியே தலைகீழாகக் கேட்கிறார்கள்: "காற்று வராதே?"

என் காலேஜ் நண்பர் ஒருவர் அங்கே பழைய வீடு ஒன்றை வாங்கிவிட்டு முழித்துக் கொண்டிருக்கிறார். ஜனவரியில் பத்து நாள் அவர் வீட்டில் தங்கினேன். வெளியே மைனஸ் 18. உள்ளே ஹீட்டர் ராப்பகலாக உறுமுகிறது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் கணுக்கால் பக்கம் மட்டும் யாரோ ஐஸ் கட்டியால் தடவுகிற மாதிரி இருக்கிறது. மாசா மாசம் வரும் காஸ் பில்லைப் பிரிக்கும்போது நண்பரின் முகம், ரிசல்ட் பார்க்கும் ப்ளஸ் டூ பையன் முகம் மாதிரி ஆகிவிடும்.

காரணம் ரொம்ப சிம்பிள். சூடான காற்று மேலே போகும். மச்சில் இருக்கும் இண்டு இடுக்கு வழியாக அது வெளியே நழுவ, அந்த இடத்தை நிரப்பக் கீழே பேஸ்மென்ட் சந்துகளின் வழியாகக் குளிர் காற்று உள்ளே வருகிறது. காசு கொடுத்துச் சூடு பண்ணின காற்றை ஆகாசத்துக்கு அனுப்பும் புகைபோக்கிதான் வீடு. அஸ்திவாரச் சுவர்மேல் மர உத்தரங்கள் வந்து உட்காருகிற விளிம்பு இருக்கிறதே, அங்கேதான் பெரிய ஓட்டை.

அடைப்பதற்கு வந்ததுதான் ஸ்ப்ரே ஃபோம்.

ஒரு லாரியில் இரண்டு பீப்பாய். ஒன்றில் ஐசோசயனேட். மற்றதில் பாலியால், கூடவே வினையூக்கி, நுரைக்க வைக்கும் வாயு, தீத்தடுப்பு சமாசாரங்கள். இரண்டும் சூடேற்றிய குழாய்கள் வழியாகத் தனித்தனியாக வந்து, துப்பாக்கி முனையில்தான் முதல் முதலாகச் சந்தித்துக் கொள்கின்றன. சந்தித்த சில விநாடிகளில் பொங்கி, அப்படியே இறுகிவிடுகின்றன. காதல் கல்யாணம் கூட இவ்வளவு வேகமாக நடக்காது! லாரி பக்கத்தில் ஓர் அட்டையில் சாம்பிள் அடித்துக் காட்டினார் அந்த ஆள். பெயின்ட் மாதிரி படிந்தது, நான் கண் சிமிட்டுவதற்குள் இரண்டு விரற்கடை கனத்துக்குப் புளித்த ஆப்ப மாவாக எழும்பி நின்றது. அப்புறம் நிலாவுக்குப் போகிறவர் மாதிரி முழு உடுப்பு, முகமூடி, மூச்சுக்குத் தனிக் குழாய் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

இதில் இரண்டு ஜாதி. மெத்தென்று இருப்பது ஒன்று. கெட்டியாக, உள்ளே குமிழிகள் மூடியிருப்பது இன்னொன்று. குளிர் தேசத்து பேஸ்மென்டுக்குக் கெட்டிதான் சரி. வெப்பத்தை மறிக்கும் சக்தியை 'ஆர்' என்று ஒரு எண்ணால் சொல்கிறார்கள். கெட்டி நுரைக்கு அங்குலத்துக்கு 6 சொச்சம். வழக்கமாகச் சுவருக்குள் அடைக்கும் கண்ணாடிப் பஞ்சுக்கு 3 சொச்சம். தவிர, ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வேர்க்கிறதல்லவா? அதே மாதிரி, வீட்டு ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து குளிர்ந்த மரப்பலகையில் பட்டால் தண்ணீராகிவிடும். வெளியே தெரியாமல் மரம் உளுத்துப் போகும். கெட்டி நுரை அந்த ஈரத்தையும் உள்ளே விடாது.

இவ்வளவு நல்லதென்றால் வீடு முழுக்க அடித்துவிட வேண்டியதுதானே? நண்பர் அப்படித்தான் கிளம்பினார். நிறுத்தியது அவர் மனைவி.

"ஏங்க, வீடு வாங்கறப்போ ஒரு ஃபாரத்துல கையெழுத்து போட்டமே, அதுல ஏதோ ஃபோம்னு இருந்துச்சே?"

இருந்தது. அது வேறு ஃபோம், வேறு கதை. 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் கனடாவில் எல்லாரும் சுவரை அடைக்க ஆரம்பித்தார்கள். 1977-ல் கவர்ன்மென்டே மானியம் கொடுத்தது. அப்போது யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற நுரையைச் சுவருக்குள் பீய்ச்சினார்கள். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று புகார் வர, 1980 டிசம்பரில் தடை. அதற்குள் ஒரு லட்சம் வீடு வரை அடித்தாகிவிட்டது! வீட்டு விலை சரிந்தது. க்யூபெக்கில் வருஷக்கணக்கில் கேஸ் நடந்து, 1991-ல் கோர்ட், நஷ்ட ஈடு கிடையாது என்று சொல்லிவிட்டது. பாவம், மானியம் வாங்கி, சொன்னதைச் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். வீடு விற்கும்போது அந்த நுரை இருக்கிறதா என்று ஒண்டாரியோ ஃபாரம் இன்னும் கேட்கிறது.

இப்போதைய பாலியூரிதேன் அந்த ரகம் அல்ல. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டுபிடித்த குடும்பம். உங்கள் ஆபீஸ் நாற்காலி மெத்தையும் அதே வம்சம். ஆனால் அடிக்கிற நேரத்தில் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்கிறார்கள். இரண்டு பீப்பாயின் விகிதம் தப்பினால் மீன் மார்க்கெட் நாற்றம் நிரந்தரம். ஒரே மூச்சில் ரொம்பக் கனமாக அடித்தால் உள்ளே சூடேறிக் கருகும், பற்றிக்கொள்ளவும் கூடும். பிடிக்கவில்லை என்று கழற்றி வைக்க அது ஜன்னல் திரையும் இல்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டதை ஆள் வைத்துச் செதுக்க வேண்டும். இங்கிலாந்தில் கூரைக்கடியில் இதை அடித்த பல வீடுகளுக்கு லோன் கொடுக்கவே தயங்குகிறார்கள். நுரைக்குப் பின்னால் மரம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியாதாம். நியாயம்தானே?

இன்னொரு தமாஷ். வீட்டை ரொம்ப இறுக்கமாக அடைத்தால் நேற்றைய வெங்காய சாம்பார் நாளை மறுநாளும் ஹாலில் இருக்கும். அதற்கு ஒரு பெட்டி உண்டு: வெளியே போகிற பழைய காற்றின் சூட்டைப் பிடுங்கி, உள்ளே வருகிற புதுக் காற்றுக்குக் கொடுக்கும். 1977-லேயே கனடாவின் ரெஜைனா நகரில் இப்படி ஒரு வீடு கட்டிக் காட்டினார்கள். மைனஸ் முப்பதைத் தொடுகிற ஊரில், ஃபர்னஸே இல்லாமல்! அந்த வீட்டைப் பார்த்த ஜெர்மன்காரர்கள் பிற்பாடு அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நண்பர் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம், இருபது கப் காபி. கடைசியில் அம்மணி தீர்ப்பு: பேஸ்மென்ட் விளிம்புக்கு மட்டும் நுரை, இரண்டு அங்குலம், அதற்குமேல் பேச்சில்லை. அடித்த அன்று ராத்திரி மூன்று பேரும் ஒரு மோட்டலில் போய்ப் படுத்தோம். மச்சுக்கு? இடுக்குகளை முதலில் அடைத்துவிட்டு, பழைய நியூஸ்பேப்பரை அரைத்து, தீப்பிடிக்காமல் இருக்க போராக்ஸ் வகை உப்பு கலந்து, பஞ்சு மாதிரி ஊதிப் பரப்புகிறார்கள். அங்கே அதற்குக் கம்பெனியே இருக்கிறது. நுரையைவிட மலிவு. வேண்டாமென்றால் அள்ளிவிடலாம்.

நண்பர் இப்போது மச்சுக்குக் கொட்டேஷன் வாங்கிக் கொண்டிருக்கிறார். எனக்கு ஃபோன் பண்ணி, "உன் காலம் வருதே, அந்தப் பத்திரிகை பழைய இதழ் எல்லாம் என்ன வெயிட் இருக்கும்?" என்று விசாரிக்கிறார்.