ஒரு ‘ங்க’ போதும்



சென்ற வாரம் என் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். எழுபது வயதுக்குக் குறையாது. அழுக்கு வேட்டி, தோளில் துண்டு. “பேர் என்ன? எந்த ஊரு நீ? தள்ளி நில்லு” என்றார் உள்ளே இருந்த இளைஞர். அடுத்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தவரிடம் அதே வாய் “சொல்லுங்க சார்” என்றது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஒருவரைப் பன்மையில் அழைப்பது நம்மிடம் நேற்று வந்த வழக்கமல்ல. அது இலக்கண நெறியன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே பேசுகிறது. ‘நீ’ தாழ்வான சொல்லும் அல்ல. அம்மாவையும் சாமியையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். முன்பின் தெரியாத முதியவரிடம், அவர் உடுப்பைப் பார்த்து அது வரும்போதுதான் சுடுகிறது. கூலி வேலை செய்பவரையும் குப்பை அள்ளுபவரையும் வயது பாராமல் ஒருமையில் அழைத்துப் பழகிய சாதித் திமிரின் மிச்சம் அது. கொங்கு நாட்டில் சின்னப் பையனிடம்கூட ‘வாங்க’ என்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு மிகப் பிடிக்கும்.

உள்ளே செவிலியர் ஒருவர் அந்தப் பெரியவரை, “ஐயா, உக்காருங்க. எத்தனை நாளா வலிக்குது?” என்று கேட்டார். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர், தூக்கமில்லாததையும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதையும் மளமளவென்று சொல்லத் தொடங்கினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்