செப்பாங்கில் ஓடிய கோவைத் தமிழர்



இம்மாதம் கார்ப் பந்தயம் பற்றிப் பேசுவோம். தாய்மார்கள் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இரவு பத்து மணிக்குமேல் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு ஈப்போ சாலைக்குக் கிளம்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள்தாம் இதை முதலில் படிக்க வேண்டும். படித்து முடித்தபின் அவனிடம் கொடுங்கள்.

2005-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இருபது கார்கள் வரிசை பிடித்து நின்றன. அவற்றுள் ஒரு மஞ்சள் நிறக் காரில் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் நரேன் கார்த்திகேயன். ஊர் கோயம்புத்தூர். பொங்கல் நாளான ஜனவரி 14-இல், 1977-ஆம் ஆண்டு பிறந்தவர். அன்றுவரை இந்தியர் எவரும் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடியதில்லை.

பார்முலா ஒன் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தாட்டத்துக்கு உலகக் கிண்ணம் எப்படியோ, கார்ப் பந்தயத்துக்கு இது அப்படி. ஆனால் உலகக் கிண்ணத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் களமிறங்கலாம். இங்கே உலகம் முழுமைக்கும் சேர்த்து அந்த ஆண்டு இருந்த இடங்கள் இருபதே இருபது!

அந்த இருபதில் ஓர் இடம் ஒரு தமிழருக்கு எப்படிக் கிடைத்தது?

கதை தகப்பனாரிடமிருந்து தொடங்குகிறது. ஜி. ஆர். கார்த்திகேயன் ரேலி ஓட்டியவர். தென்னிந்திய ரேலியை ஏழு முறை வென்றவர். ரேலி என்பது வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவதன்று. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்படும். காட்டுப் பாதை, மண் சாலை, மேடு, பள்ளம் எல்லாம் வரும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணையாள் ஏட்டைப் பார்த்து, ‘அடுத்து இடப்பக்க வளைவு, அதற்கப்பால் மேடு’ என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்லை நம்பித்தான் ஓட்டுபவர் காலை அழுத்துவார். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வெற்றி.

இது நமக்குப் புதிதல்ல. ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் ரேலி நடந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தச் சாலையில் லாரி ஓட்டிய அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் நாட்டு கரம்ஜிட் சிங்கும் அவருடைய துணையாள் ஆலன் ஓவும் 2002-இல் புரோட்டோன் காரில் ஓடி, உலக ரேலிப் போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் பட்டமே வென்றார்கள். கடையில் விற்கும் வகைக் காரை அதிகம் மாற்றாமல் ஓட்டும் பிரிவு அது. அதில் பட்டம் வென்ற முதல் ஆசியர் கரம்ஜிட். அவரைப் பற்றித் தனியாக ஒரு மாதம் எழுத வேண்டும்.

நரேனுக்கு வருவோம். தகப்பனாரின் வண்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில், மாருதி இஞ்சின் பொருத்திய சிறிய ஒற்றை இருக்கைக் காரில் ஓடிய முதல் பந்தயத்திலேயே முதல் மூவருக்குள் வந்துவிட்டார். கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பவர்தாம் இத்தகைய கார்களைச் சொந்தமாக வடிவமைத்து, இளைஞர்களை இந்த விளையாட்டுக்கு இழுத்தவர். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1992-இல் பிரான்சில் பயிற்சிப் பள்ளி. பிறகு இங்கிலாந்து. 1996-இல் பார்முலா ஆசியா பட்டம். 2001 ஜூன் 14-ஆம் தேதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் குழுவின் பார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். அத்தகைய காரை ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

ஓட்டிக் காட்டியாயிற்று. இனி இடம் கிடைத்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்! 2004-ஆம் ஆண்டுக்கு மினார்டி என்ற சிறு குழு இடம் தர முன்வந்தது. ஆனால் சிறு குழுக்களில் ஓட்டுபவர் வெறுங்கையோடு போக முடியாது. ஆதரவு தரும் நிறுவனத்தையும் அதன் பணத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அந்தப் பணம் திரளவில்லை. இடம் கைநழுவிப் போயிற்று.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். நரேன் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். காரும் தடமும் பயிற்சியும் சிறு வயதிலேயே கிட்டியவர். அவருக்கே கதவு வரைக்கும் போய்த் திரும்ப நேர்ந்தது என்றால், லயத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? நம் சுங்கை சிப்புட் மண்ணின் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டார், தோட்டங்களை வாங்கினார். பணம் எப்படிச் சேரும் என்று தெரிந்தவர்கள் நாம். ஆனால் விளையாட்டுக்காக அப்படிச் சேர்த்தோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கோயில் திருவிழாவுக்குச் சேர்த்திருக்கிறோம். பந்துக் குழுவின் சட்டைக்கு வசூலித்திருக்கிறோம். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

2005 பிப்ரவரியில் காற்று மாறியது. டாட்டா நிறுவனம் துணை நிற்க, ஜோர்டன் குழுவில் நரேனுக்கு இடம் கிடைத்தது. புகழ்பெற்ற மைக்கேல் ஷூமாக்கர் 1991-இல் தம் முதல் பந்தயத்தை ஓடியதும் இதே குழுவில்தான். ஆனால் நரேன் சேர்ந்தபோது குழு நொடிந்து கை மாறியிருந்தது. அதே ஆண்டோடு அந்தப் பெயரும் மறைந்தது. மெதுவான கார்தான், அதை மறைப்பதில் பயனில்லை.

மெல்பர்னில் தகுதிச் சுற்றின்போது மழை குறுக்கிட்டது. ஷூமாக்கரே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார். நம்மவர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றார்! மறுநாள் காய்ந்த தடத்தில் பெரிய கார்கள் முந்திக்கொண்டன. நரேன் பதினைந்தாவதாக முடித்தார். முதலில் வந்தவரைவிட இரண்டு சுற்றுகள் பின்தங்கியிருந்தார். ‘பதினைந்தாவதா!’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. முதல் பந்தயத்திலேயே சுவரில் மோதாமல், இஞ்சினைக் கெடுக்காமல் காரை வீடு கொண்டுவந்து சேர்ப்பது என்னைப் பொறுத்தவரை சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது பந்தயம் எங்கே தெரியுமா? நம் செப்பாங்கில், மார்ச் 20-ஆம் தேதி. ஐந்தரை கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தை ஐம்பத்தாறு முறை சுற்ற வேண்டும். நம் நாட்டு வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டாம். தீப்பிடிக்காத தடித்த உடையும் தலைக்கவசமும் அணிந்து, இஞ்சினுக்கு முன்னால் அமர்ந்து ஓட்ட வேண்டும். அங்கே அவர் பதினொன்றாவதாக வந்தார். சக ஓட்டுநர் மொன்டேரோ பன்னிரண்டாவது.

பிறகு ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் ஒரு விநோதம். மிஷலின் டயர் பூட்டிய கார்களுக்கு அங்கிருந்த சரிவான வளைவைத் தாங்க முடியவில்லை. உயிருக்கு ஆபத்து என்று பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. குறுக்கு வழியில் கிடைத்தது என்பார் சிலர். விலகச் சொன்னவர் அவர் அல்லரே!

அடுத்த ஆண்டு இடம் இல்லை. 2011-இல் எச்.ஆர்.டி. என்ற கடைசி வரிசைக் குழுவோடு திரும்பி வந்தார். 2012-இல் மறுபடியும் செப்பாங். பெருமழை கொட்டிப் பந்தயத்தை நடுவில் நிறுத்தினார்கள். மழை டயரோடு தொடங்கிய நரேன் அப்போது பத்தாம் இடத்தில் இருந்தார். அந்த மட்டமான காருக்கு அது மலைக்கத்தக்க இடம். மீண்டும் ஓடியபோது உலக வீரர் வெட்டலின் காரோடு உரசல் ஏற்பட்டு, வெட்டலின் டயர் கிழிந்தது. அவர் கோபத்தில் கடுமையாகப் பேசினார்.

செப்பாங்கில் பார்முலா ஒன் 2017-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. நரேனுக்குப் பிறகு சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஓடினார். இதுவரை பந்தயம் ஓடிய இந்தியர்கள் இந்த இருவர்தாம். நரேன் அதன்பின் ஜப்பானுக்குப் போய் ஓட்டினார். 2019 நவம்பரில், நாற்பத்திரண்டு வயதில், பூஜி மலையடிவாரத் தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் கலந்து ஓடிய பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார்.