இரண்டாம் சர்வீஸும் சுழற்சியும்

டென்னிஸ் ஆட்டத்தில் சர்வீஸ் செய்வோனுக்கு இரு வாய்ப்புகள் உள. முதற்பந்தைத் தன் வலிமை முழுவதும் கொண்டு அடிக்கின்றான். அது வலையிற் படுகின்றது. உடனே உள்ளம் சோர்ந்து, இரண்டாம் பந்தைத் தொட்டிலிற் குழந்தையைக் கிடத்துவான் போல மெல்லத் தள்ளுகின்றான். காத்திருந்த எதிரி அதனை ஓங்கி அடித்துப் புள்ளியைக் கொள்கின்றான். பூவிருந்தவல்லியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் யாம் மாலைதோறும் ஆடும் களத்தில் இக்காட்சி நிகழாத நாளில்லை. யாமும் அப்பிழையினின்று நீங்கினேம் அல்லேம்.

"நெடிய உடலும் பருத்த தோளும் வாய்த்தவர்க்கே நல்ல சர்வீஸ் கைகூடும், நம்மனோர்க்கு அது வேண்டா. இராமநாதன் கிருஷ்ணன் மென்மையான சர்வீஸைக் கொண்டே உலகப் புகழ் எய்தவில்லையா?" என்பாரும் உளர். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதியை எட்டியது தமிழர்க்கெல்லாம் பெருமையே. ஆயினும் அப்புகழைத் தந்தது பந்தை இடமறிந்து வைக்கும் கைந்நுட்பமேயன்றிச் சர்வீஸின் மென்மை அன்று. முன்னாண்டில் அவரை வென்றவர் நீல் பிரேசர். பின்னாண்டில் வென்றவர் ராட் லேவர். இடக்கை ஆட்டக்காரராகிய அவ்விருவரும் பந்தைச் சுழலச் செய்வதில் வல்லவர். அவ்வவ்வாண்டின் பட்டத்தையும் பெற்றனர். பெரியாரிடத்துள்ள குறையை நம் சோம்பலுக்குச் சான்றாக்குதல் முறையன்று.

சுழற்சி என்பது மாயவித்தையும் அன்று. சாய்ந்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை நியூட்டன் 1672-ஆம் ஆண்டிலேயே ஒளியைப் பற்றிய தம் கடிதத்திற் குறித்துள்ளார். பந்தின் மேற்புறம் முன்னோக்கிச் சுழலுமாயின், காற்று அதனைக் கீழ்நோக்கி அழுத்தும். ஆகவே, நடுவில் 3 அடி உயரமுள்ள வலையின்மேல் நன்கு உயர்ந்து சென்ற பந்தும், வலைக்கு 21 அடி அப்பாலுள்ள சர்வீஸ் கோட்டைக் கடவாது தாழ்ந்து விழும். விழுந்தபின் உயர எழும்பி எதிரியை இடர்ப்படுத்தும்.

இதனைப் பயில்வோர் மட்டையைச் சுத்தியல் பிடிப்பது போலப் பிடித்தல் வேண்டும். வலக்கையாளர் பந்தைத் தமக்கு முன்னே வெகுதூரம் எறியாமல், தலைக்கு மேலே சற்று இடப்புறமாக எறிதல் வேண்டும். முழங்காலை மடித்தெழுந்து, பந்தை நேரே அறையாது, கீழிருந்து மேலாகவும் இடமிருந்து வலமாகவும் உரசிச் செல்லுமாறு மட்டையை வீசுதல் வேண்டும். மணிக்கட்டு இறுகலாகாது. இவை யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு: இரண்டாம் பந்தென்று அஞ்சிக் கைவேகத்தைக் குறைத்தலாகாது. வேகம் குறையின் சுழற்சி குறையும்; சுழற்சி குறையின் பந்து கட்டுக்கடங்காது. இங்கே துணிவே காவல், அச்சமே தவறு.

ஒரு தாலந்தைப் பெற்றவன் அஞ்சி அதனை மண்ணிற் புதைத்த கதையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். சிற்றுடல் பெற்றோமே என இரண்டாம் பந்தை ஒடுக்கி இடுவதும் அன்னதே. ஆதலின் நண்பர்காள், ஆட்டம் முடிந்தபின் நாடோறும் கால்மணி நேரம் களத்தில் நின்று, இரண்டாம் சர்வீஸை மட்டும் முழுக்கை வீச்சோடு பயில்வோமாக. முதலிற் பல பந்துகள் வேலியைத் தாண்டும், சிலர் நகைப்பர். அந்நகைப்பைப் பொறுத்தலும் பயிற்சியின் பகுதியே.