ஊர் அடங்கிற்று, வேகம் அடங்கிற்றா?

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாட்டு மக்களிடம் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடெங்கும் ஊரடங்கு என்று அறிவித்தார். கடைகள் அடைபட்டன, கல்லூரிகள் மூடப்பட்டன, ரயில்கள் நின்றன. நாற்பது மாடு பூட்டினாலும் நகராது என்று நாம் கேலி செய்யும் தில்லிச் சாலைகள் ஒரே இரவில் வெறிச்சோடின. 21 நாள் என்று தொடங்கியது நான்கு கட்டங்களாக மே 31 வரை நீண்டது. ஊர் அடங்கிற்று. ஆனால் ஊர்தியில் ஏறி அமர்ந்தவர்கள் அடங்கினார்களா?

இல்லை என்றுதான் கணக்கு சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2019-இல் நாட்டில் நிகழ்ந்த விபத்துகள் 4,49,002. மாண்டவர்கள் 1,51,113 பேர். 2020-இல் விபத்துகள் 3,66,138. மாண்டவர்கள் 1,31,714 பேர். இரண்டும் குறைந்திருக்கின்றன, மகிழலாமே என்று எண்ணத் தோன்றும். சற்றே உற்றுப் பாருங்கள். விபத்துகள் 18 விழுக்காடு குறைந்தன. மரணமோ 13 விழுக்காடுதான் குறைந்தது. நூறு விபத்துக்கு 33.7 பேர் என்று இருந்த சாவு 36 பேராக உயர்ந்தது. மோதல்கள் குறைந்தன, மோதலின் கொடுமை கூடிற்று. அந்த ஆண்டில் மாண்டவர்களில் 91,239 பேரின் முடிவுக்கு அரசின் ஏடு காட்டும் காரணம் மிகுவேகம். நூற்றுக்கு 69 பேர்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் 2020-இல் மக்கள் ஊர்தி ஓட்டிய மொத்தத் தூரம் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. அப்படியானால் சாவும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடிற்று. செல்வம் கொழிக்கும் நாடு, சீரான சாலை, சிறந்த கார். எல்லாம் இருந்தும் சாலை காலியானதும் மனிதன் கால் அழுத்தத் தொடங்கிவிட்டான்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? இத்தனை நாளும் நம்மைக் கட்டுப்படுத்தி வந்தது சட்டம் என்று நம்பினோம். மனச்சான்று என்றுகூடப் பெருமை பேசினோம். உண்மையில் நம்மைக் கட்டுப்படுத்தி வந்தது முன்னால் நின்ற பேருந்தும் பக்கத்தில் நின்ற ஆட்டோவுமே. நெரிசல்தான் நமக்கு ஆசான். நெரிசல்தான் நமக்குக் காவலர். அந்த நெரிசல் விலகிய நாளில் நம் ஒழுக்கமும் உடன் விலகிற்று. தடுப்பார் இல்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதானே அவன் பண்புக்கு உரைகல்? அந்த உரைகல்லில் படித்தவர்கள் நிறைந்த நம் பெருநகரங்களும் தேறவில்லை.

"காலிச் சாலையில் சற்று விரைந்தால் யாருக்கு என்ன கேடு?" என்று நம் விடுதியிலேயே கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றையே விடையாகத் தருகிறேன்.

40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 11 மீட்டர் போய்விட்டது. பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் இருந்தால், இன்னும் 9 மீட்டரில் வண்டி நிற்கும். ஆக 20 மீட்டர். அதே கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு வினாடியிலேயே 22 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பின்னும் 35 மீட்டர் ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படித்தவர் அனைவரும் அறிந்ததே. ஆக 57 மீட்டர்.

இப்போது, 20 மீட்டர் தொலைவில் ஒரு கிழவி சாலையைக் கடக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். 40-இல் வந்தவன் அவள் காலடியில் வண்டியை நிறுத்திவிடுகிறான். 80-இல் வந்தவனோ அவளை அடையும்போது பிரேக்கையே இன்னும் தொடவில்லை! குறையாத 80 கிலோமீட்டர் வேகத்தோடு மோதுகிறான். அவன் கண்ணும் பழுதன்று, வண்டியும் பழுதன்று. அவன் தேர்ந்துகொண்ட வேகம் ஒன்றே அவளைக் கொன்றது.

இதனால் அவன் அடைந்த ஊதியம் எவ்வளவு? ஆறு கிலோமீட்டர் வழியை 40-இல் கடக்க 9 நிமிடம். 80-இல் கடக்க நாலரை நிமிடம். மிச்சம் நாலரை நிமிடம். ஊரே பூட்டிக் கிடந்த நாளில் அந்த நாலரை நிமிடத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போனார்கள்?

"ஆள் இல்லாத சாலை" என்ற சொல்லே பிழை. ஊரடங்கு நாட்களில் சாலையில் இருந்தவர்கள் யார்? குப்பை அள்ளும் தொழிலாளி இருந்தார். இரவுப் பணி முடிந்து நடந்து திரும்பும் செவிலியர் இருந்தார். பால்காரர் இருந்தார். தடுப்புக் கட்டையோரம் நின்ற காவலர் இருந்தார். உணவுப் பொட்டலம் சுமந்து சென்ற இளைஞர் இருந்தார். வேலை இழந்து, வாடகை தர வழியின்றி, ஊரை நோக்கி நடந்த பல்லாயிரம் ஏழைத் தொழிலாளர் இருந்தனர். வீட்டில் இருக்க வாய்ப்புள்ளவர் எல்லாம் வீட்டில் இருந்தோம். இருக்க முடியாதவர் மட்டுமே வெளியில் இருந்தனர்.

2020 மே மாதத்தில் லக்னோ நகரில் நிகழ்ந்ததை மறக்க முடியுமா? சத்தீஸ்கரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர் கணவனும் மனைவியும், இரண்டு குழந்தைகளோடு சைக்கிளிலேயே ஊர் திரும்பப் புறப்பட்டனர். நகர எல்லையைத் தாண்டும் முன்பே ஓர் ஊர்தி மோதியது. பெற்றோர் இருவரும் மாண்டனர்; குழந்தைகள் பிழைத்தன. அதற்கு அடுத்த வாரம் முசாபர்நகர் அருகே, பஞ்சாபிலிருந்து பீகாருக்கு இரவில் நடந்து சென்ற தொழிலாளர் ஆறு பேர் பேருந்து மோதி இறந்தனர். நமக்குக் காலிச் சாலை. அவர்களுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் ஒரே வழி.

நம் தமிழ் மரபில் ஊர்தி ஓட்டுபவனின் கடமையைச் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. திருவாரூர்த் தெருவில் சோழ இளவரசன் தேரில் சென்றான். பசுங்கன்று ஒன்று சக்கரத்தில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. கன்று தானாகத்தான் துள்ளி வந்து தேர்க்காலில் புகுந்தது. இன்றைய விபத்து வழக்குகளிலும் "அவர்தான் குறுக்கே வந்தார்" என்ற இதே பாட்டைத்தானே கேட்கிறோம்? மனுநீதிச் சோழன் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. மகனையே தேர்க்காலில் இட்டான் என்கிறது பெரியபுராணம். அவன் அளித்த தண்டனையை இந்நாளில் எவரும் ஒப்பார், ஒப்பவும் வேண்டா. ஆனால் அவன் கண்ட நீதி நமக்கு இன்றும் வேண்டும். தெருவில் வலியது தேர்; மெலியது கன்று. வலியதைச் செலுத்துகிறவனே மெலியதைக் காக்கக் கடமைப்பட்டவன்.

"ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆயின, பழங்கதை எதற்கு?" என்பீர்கள். தோழர்களே, அந்தச் சாலை இன்னும் போகவில்லை. ஒவ்வோர் இரவும் பதினொரு மணிக்குமேல் அது திரும்பி வருகிறது. பகலில் ஊர்ந்து செல்லும் ரிங் ரோடு நள்ளிரவில் ஓடுகளம் ஆகிறது. ஊரடங்குக்கு முன்பும் அப்படித்தான். 1999 ஜனவரி 10-ஆம் நாள் விடியற்காலையில் இதே தில்லியில், லோதி காலனிச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள்மேல் விலையுயர்ந்த கார் ஒன்று பாய்ந்தது. ஆறு பேர் மாண்டனர்; அவர்களில் மூவர் கடமையில் இருந்த காவலர்கள். அன்று எந்த ஊரடங்கும் இல்லை. காலிச் சாலை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம்மவர் கதை என்ன? தேர்வு முடிந்த இரவில், இரவல் மோட்டார் சைக்கிளில் இருவர் மூவராக ஏறிக்கொண்டு, 50 கிலோமீட்டர் அளவில் உள்ள முர்த்தலுக்குப் பராத்தா தின்னப் புறப்படுவது நம் விடுதிகளில் ஒரு வீர விளையாட்டாகவே ஆகிவிட்டது. பராத்தா தின்பதில் குற்றம் இல்லை. நட்பும் நள்ளிரவும் இளமைக்கு உரியவையே. எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம் என்று மறுநாள் பேசும் பெருமைதான் குற்றம். ஊரில் கடன் வாங்கி மகனைத் தில்லிக்கு அனுப்பிய தாய் தந்தையருக்கு அந்த நிமிடக் கணக்கு எதற்கு உதவும்?

குற்றம் முழுவதையும் ஓட்டுபவர் தலையில் சுமத்திவிட்டு ஆள்வோர் கைகழுவவும் ஆகாது. ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பு, 2020 பிப்ரவரியில், ஸ்டாக்ஹோம் நகரில் பல நாடுகளின் அமைச்சர்கள் கூடினர். நடப்பவரும் சைக்கிளில் செல்வோரும் ஊர்திகளோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். 2021 ஜூனில் தில்லிப் போக்குவரத்துக் காவல்துறையும் குடியிருப்புத் தெருக்களுக்கும் அங்காடித் தெருக்களுக்கும் 30 என்றே வரம்பு விதித்தது. நல்ல ஆணைதான். ஆனால் நெடிய, அகன்ற, வளைவில்லாத சாலையைப் போட்டுவிட்டு ஓரத்தில் "30" என்று பலகை நட்டால் யார் மதிப்பார்? சாலை "ஓடு" என்கிறது. பலகை "நில்" என்கிறது. இளைஞன் சாலையின் பேச்சைத்தான் கேட்கிறான். உயர்த்திக் கட்டிய நடைக் கடவைகள், குறுகிய திருப்பங்கள், இடைவெளி அளந்து போட்ட வேகத்தடைகள், வெளிச்சம் ஆகியவை இருந்தால் காவலர் இல்லாத வேளையிலும் வேகம் தானே தணியும். ஆணையைத் தாளில் எழுதியவர்கள் அதைத் தரையிலும் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

இதில் நம் சங்கம் செய்யக்கூடியது உண்டு. பொங்கல் விழாவும் முத்தமிழ் விழாவும் நடத்தும் நாம், பல்கலைக்கழக வளாகத்துக்குள் 30 கிலோமீட்டர் வரம்பும், விடுதி வாயில்களிலும் நூலக வாயிலிலும் உயர்ந்த நடைக் கடவைகளும் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். பிற மாநில மாணவர் சங்கங்களின் கையெழுத்தையும் சேர்க்கலாம். விடுதிக்குள், வேகத்தைப் புகழ்ந்து பேசும் வழக்கத்தை நாமே நிறுத்தலாம். "எத்தனை நிமிடத்தில் வந்தாய்?" என்று கேட்பதை விட்டு, "நலமாக வந்தாயா?" என்று கேட்கப் பழகலாம். பின்னால் அமர்ந்திருப்பவர் "மெல்லப் போ" என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று எள்ளாதிருக்கலாம்.

நோய்க்கு அஞ்சி முகத்தை மூடினோம், கையைக் கழுவினோம், ஆறடி விலகி நின்றோம். நம்மால் பிறர் உயிருக்குத் தீங்கு வரலாகாது என்று ஒரு நாடே அன்று ஒப்புக்கொண்டது. அந்த எண்ணத்தை, கிருமிக்குக் காட்டிய அந்த அக்கறையில் பாதியை, இன்றிரவு காலிச் சாலையில் வண்டியைக் கிளப்பும்போது காட்டுவோம். விளக்கு எட்டாத இருளில், துடைப்பத்தோடு ஒருவர் சாலையோரம் குனிந்து நிற்கக்கூடும். அவருக்கும் விடிய வேண்டும்.