மேகத்துக்கு உறைமோர்! மலையில் பனி பெய்ய வைக்கிறார்கள்

நள்ளிரவு. மலை அடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு. டெலிபோன் மணி அடிக்கிறது. மேகம் வருகிறது, அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று தகவல்.

பண்ணைக்காரர் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறார். அடுப்பைப் பற்ற வைக்கிறார். புகை காற்றோடு மலை மேல் ஏறுகிறது. அங்கே பனி கொட்டுகிறது!

இது மந்திரம் அல்ல. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்த வேலை. இப்போது பல இடங்களில் பண்ணைக்காரரை எழுப்ப வேண்டியதில்லை. ஆபீசில் இருந்தபடியே பொத்தானை அமுக்கினால் அடுப்பு எரியும்.

பனிதான் அணை

யூட்டா வறண்ட பூமி. அங்கே குடிக்கவும் பயிர் வைக்கவும் கிடைக்கும் தண்ணீரில் சுமார் 95 சதவீதம் பனியில் இருந்து வருகிறது.

பனி என்றால், மார்கழி மாதம் புல் நுனியில் நிற்குமே, அது அல்ல. வானத்தில் இருந்து பஞ்சுபோல விழும் வெண்பனி. குளிர்காலம் முழுவதும் மலை மேல் குவிந்து கிடக்கும். வெயில் வந்ததும் உருகி, ஆறாக ஓடி வரும். செலவில்லாமல் இயற்கை கட்டிக்கொடுத்த அணை!

2022 நவம்பரில் அங்குள்ள பெரிய உப்பு ஏரியின் நீர்மட்டம், அளவு எடுக்கத் தொடங்கிய பிறகு என்றும் இல்லாத அளவுக்குக் கீழே போனது. காய்ந்த ஏரியில் இருந்து கிளம்பும் புழுதியில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்திருக்கிறது. பக்கத்திலேயே சால்ட் லேக் சிட்டி என்ற பெரிய நகரம். அங்குள்ள குழந்தைகள் சுவாசிக்கும் காற்றில் அந்தப் புழுதி கலக்கிறது.

சர்க்கார் விழித்துக்கொண்டது. 2023-ம் ஆண்டில் மேகத்தில் மருந்து தூவ 1 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதுபோக, ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர்.

இத்தனை பணத்துக்கும் பலன் உண்டா?

பள்ளிப் படிப்பை முடிக்காதவர்

இதைக் கண்டுபிடித்தவர் வின்சென்ட் ஷேஃபர். குடும்ப கஷ்டத்தால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் தொழிலாளியாகச் சேர்ந்து, விஞ்ஞானியாக உயர்ந்தவர்.

ஒரு குளிர்பெட்டிக்குள் அவர் மூச்சை ஊதுவார். அது மேகம்போல நிற்கும். ஆனால் பனியாக மாறாது. 1946 ஜூலையில் ஒரு நாள் வெயில் கடுமை. பெட்டியில் குளிர் போதவில்லை. கரியமில வாயுவை உறையவைத்துச் செய்த கட்டி ஒன்றை உள்ளே போட்டார். மறுகணம் பெட்டி நிறையப் பனித்துகள்கள் மினுமினுத்தன!

நவம்பர் 13-ந் தேதி விமானத்தில் ஏறி, மேகத்தில் அதைத் தூவச் செய்தார். பனி விழுந்தது. ஆனால் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிட்டது. அதே கம்பெனியில் வேலை பார்த்த பெர்னார்டு வானகட் என்பவர், அந்தக் கட்டிக்குப் பதில் சில்வர் அயோடைடு என்ற உப்பைப் பயன்படுத்தலாம் என்று கண்டார். இன்றைக்கும் அதுதான் மருந்து. மிகச் சிறிய அளவே போதும்.

ஒரு சொட்டு போதும்

தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். மேகத்தில் அப்படி அல்ல. அங்குள்ள நுண்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போனாலும் உறையாமல் மிதக்கும். பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். சில்வர் அயோடைடு துகளின் அமைப்பு பனித்துகளின் அமைப்பைப் போலவே இருக்கும். அதைப் பற்றிக்கொண்டு நீர் உறைகிறது. கனம் கூடியதும் விழுகிறது.

நம் வீட்டில் பாலுக்கு உறைமோர் விடுவதில்லையா? ஒரு சொட்டு விட்டால் பானைப் பாலும் தயிராகும். ஆனால் பால் இருந்தால்தானே தயிர்!

வானத்தில் வளைந்த கோடு

மருந்து தூவாவிட்டாலும் அந்தப் பனி பெய்திருக்குமே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நெடுங்காலம் சரியான பதில் இல்லை.

2017 ஜனவரியில், பக்கத்து மாநிலமான ஐடஹோவில் ஒரு சோதனை நடந்தது. விமானம் வளைந்து வளைந்து பறந்து மருந்து தூவியது. சிறிது நேரத்தில் ராடார் திரையில் அதே வளைந்த கோடு தெரிந்தது. அவ்வளவும் பனி! இயற்கை இப்படிக் கோலம் போடாது.

மூன்று நாள் சோதனையில் கிடைத்த தண்ணீர் சுமார் 70 கோடி லிட்டர். கேட்டு மயங்கிவிடாதீர்கள். பரந்த மலைப்பகுதியில் விழுந்த பனி அது. ஜனவரி 19-ந் தேதி ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்து சேர்ந்தது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

இதுவரை நடந்த ஆராய்ச்சிகளை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2024 டிசம்பரில் தொகுத்துச் சொன்னது. மருந்து தூவுவதால் கூடுதலாகக் கிடைப்பது 0 முதல் 20 சதவீதமாம். பூஜ்யமும் கணக்கில் உண்டு!

மேகம் வராவிட்டால்?

சங்கடம் இங்கேதான். பஞ்ச காலத்தில் மேகமே வராது. அடுப்பை எரித்து என்ன பயன்? மேகம் திரண்டு வரும் நல்ல ஆண்டில்தான் கொஞ்சம் கூட்டிச் சேர்க்கலாம். பனி அளவுக்கு மீறிக் குவிந்தாலோ, உருகி வெள்ளம் வரும் என்று அவர்களே தூவுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஏரி வற்றியதற்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏரிக்கு வரும் ஆற்றுத் தண்ணீரை வழியிலேயே வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே பெருவாரியாக விளைவது குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனம். அதற்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும்.

மேகத்துக்குச் செலவழிப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது சுலபமான வேலை. மருந்து தூவினால் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏரிக்குத் தண்ணீர் விடுவதென்றால் விவசாயி விளைச்சலைக் குறைக்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. யூட்டாவில் தன் பங்குத் தண்ணீரைப் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் உரிமை பறிபோய்விடும். அந்தப் பயத்திலேயே பலர் வயலுக்குப் பாய்ச்சினார்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி விவசாயி தன் பங்கை ஏரிக்குக் குத்தகைக்கு விடலாம். பணமும் கிடைக்கும், உரிமையும் போகாது.