தவிர்க்கக்கூடிய இருள்: காரைதீவில் கண்ணைக் காப்பது யார் பொறுப்பு?

"வயசு போனா கண் மங்கத்தானே செய்யும்." காரைதீவு, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கு செய்தி சேகரிக்கப் போனாலும் இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய தாய்மார். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட தலைமுறை இது. உயிர் மிஞ்சியதே பெரிது என்று வாழப் பழகியவர்களுக்குக் கண்பார்வை இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

ஆனால் அவர்களிற் பலரின் பார்வை விதியால் போகவில்லை. 2014-15 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி, 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.7 சதவீதமானோர் பார்வையற்றவர்கள். அதற்கான காரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெண்புரை. அடுத்த இடத்தில் இருப்பது, சரியான மூக்குக்கண்ணாடி கிடைக்காமை. முதலாவதற்கு வேண்டியது ஒரு சிறிய சத்திரசிகிச்சை. மற்றதற்கு ஒரு கண்ணாடி போதும். உலகில் பார்வைக் குறைபாடுள்ள 220 கோடிப் பேரில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாட்டைத் தடுத்திருக்கலாம் அல்லது இன்னும் சரிசெய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019 இல் கூறியது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் ஏன் போவதில்லை?

இலவசம் என்பது வைத்தியசாலையின் வாசலுக்கு உள்ளேதான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தால் காரைதீவிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். பரிசோதனைக்கு ஒரு நாள், சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள், பிறகு கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப. கண் தெரியாதவர் தனியே பஸ் ஏற முடியாது. துணைக்கு யார்? மகன் யுத்தத்தில் போனான், அல்லது வெளிநாட்டில் நிற்கிறான். மகள் மத்திய கிழக்கில் வீட்டுவேலை. கூட வருகிற அயலவருக்கு ஒருநாள் கூலி இல்லாமல் போகும்.

பயமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, இந்தியாவிலிருந்து இறக்குமதியான பிரெட்னிசோலோன் சொட்டு மருந்து விடப்பட்டது. அதன்பின் பலரது பார்வை பாதிக்கப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும் ஒத்திவைக்கப்பட்ட சத்திரசிகிச்சைகளையும் கண்ட மக்களுக்கு இந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும்? "இருக்கிற வெளிச்சம் போதும்" என்றுதான். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மருந்தின் தரத்துக்குப் பொறுப்புச் சொல்லாத அரசு உண்டாக்கிய பயம் அது.

மதுரையில் 1976 இல் 11 கட்டில்களுடன் டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் இங்கே உதவும். சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தவர்கள் பலர் வரவில்லை. ஆகவே ஊருக்கே போய் முகாம் வைத்தார்கள். தெரிவானவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, சிகிச்சை முடித்து ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். 1992 இல் தொடங்கிய அவர்களின் அரோலாப், கண்ணுக்குள் வைக்கும் வில்லையைக் குறைந்த விலையில் தயாரித்தது. வைத்தியரின் திறமையோடு அந்தப் பஸ்ஸும் சேர்ந்துதான் பார்வையைத் திருப்பிக் கொடுத்தது.

வெண்புரையில் போன பார்வையையாவது மீட்கலாம். நீரிழிவால் விழித்திரையும், கண் அழுத்த நோயால் நரம்பும் கெட்டால் போனது போனதுதான். இரண்டும் தொடக்கத்தில் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. 2018-19 இல் நடந்த ஆய்வொன்று இலங்கையின் வயதுவந்தோரில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இவர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். நான்கில் ஒருவரளவில் நீரிழிவோடு வாழும் நாட்டில் "கண் நன்றாகத் தெரிகிறதே" என்று காத்திருப்பது ஆபத்து.

கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஒன்று தமிழருக்கு, மற்றது முஸ்லிம்களுக்கு என்று பார்க்கும் பழக்கம் யுத்தம் விட்டுச்சென்ற வடு. கண்ணில் படரும் வெண்புரைக்கு இனம் கிடையாது. காத்திருப்போர் பட்டியலை இரண்டும் பகிர்ந்துகொண்டால், எங்கே முதலில் இடமுண்டோ அங்கே நோயாளி போகலாம்.

கோயில் மடத்திலும் பள்ளிவாசல் மண்டபத்திலும் பரிசோதனை வைக்கலாம். ஊரில் தனித்திருக்கும் முதியவர்கள் யாரென்று கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும். சத்திரசிகிச்சை நாளில் அவர்களுக்கு ஒரு வாகனத்தையும் ஒரு துணையையும் பிரதேச செயலகமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒழுங்குசெய்யலாம். எத்தனை சத்திரசிகிச்சை நடந்தது என்பதைச் சுகாதாரப் பணிமனைகள் கணக்கிடுகின்றன. திகதி கொடுத்தும் எத்தனை பேர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் அவை கணக்கெடுத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும்.